புதிய ஸ்போர்ட் பைக்கைப் பராமரிப்பதும் மாற்றியமைப்பதும்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

புதிய ஸ்போர்ட் பைக் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே சைலன்சரையும் நம்பர் பிளேட்டையும் மாற்றிவிட்டு, ஆறாவது மாதத்தில்தான் செயினைக் குனிந்து பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. வண்டி பழுதில்லாமல் இருக்கும்போது அதன் இயல்பான ஓசையும் அதிர்வும் எப்படி இருந்தன என்பது தெரியாதவருக்கு, பிறகு ஏதாவது கடகடவென்று கேட்டால், அது தான் மாட்டிய பாகத்தால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

நான் ஓட்டுவது ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 312.2 சிசி, ஒற்றை சிலிண்டர், கூலண்ட் கொண்டு குளிர்விக்கப்படும் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களின் வண்டிகளும் என் வீட்டு வாசலுக்கு வருவதால், எந்தப் படியில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்தது. யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி 390 போன்ற, ஃபேரிங் என்ற வெளி உறை போட்ட மற்ற வண்டிகளுக்கும் இது பொருந்தும்; அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வாங்க வேண்டியவை

முதல் செலவு, போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்குத்தான். ஒன்று போதாது, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரையிலான சிறியது ஒன்றும், 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் பெரியது ஒன்றும் வேண்டும். ஃபேரிங்கையும் லீவர் கிளாம்பையும் பிடித்திருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டரிலேயே போதுமான இறுக்கம் அடைந்துவிடும். பின்சக்கர ஆக்ஸில் நட்டுக்கோ அதைப் போல் பல மடங்கு வேண்டும். பெரிய ரெஞ்சு அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் துல்லியமாக இருக்காது என்பதால், அதைக் கொண்டு சின்ன போல்ட்டை இறுக்கினால் அலுமினியத்தில் வெட்டிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும். மரை போன இடத்தில் புது மரை போடுவதற்கு லேத் பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட். பெரும்பாலான ஸ்போர்ட் பைக்குகளில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. சக்கரம் சுழலாமல் செயின் வேலை எதுவும் ஒழுங்காக நடக்காது. இவற்றுடன் சொந்தமாக ஒரு டயர் பிரஷர் கேஜ், 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், நல்ல எல்-கீ செட், நைட்ரைல் கையுறை ஆகியவையும் தேவை.

பழைய இட்லித் தட்டு ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேரிங்கைக் கழற்றும்போது வரும் போல்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நீளமான போல்ட்டைக் குட்டையானதற்குரிய துளையில் ஏற்றினால் அது பின்னால் இருக்கும் வயரையோ ரேடியேட்டரையோ போய்க் குத்தக்கூடும். கழற்றிய வரிசையில் ஒரு குழிக்கு ஓர் இடத்தின் போல்ட்டுகள் என்று போட்டு, கழற்றும் முன்பே ஒரு புகைப்படமும் எடுத்து வைத்தால், மாட்டும்போது யோசிக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, இறுக்கிய அளவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஏழாவது படியில் இந்த நோட்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

2. முதல் 1000 கிலோமீட்டர்: எதையும் மாற்றாதீர்கள்

முதல் சர்வீஸ் முடியும் வரை வண்டியை ஷோரூமிலிருந்து வந்த நிலையிலேயே ஓட்டுங்கள். கையேடு குறிப்பிடும் ஆர்பிஎம் எல்லையை மதித்து நடக்க வேண்டும். ஆனால் அந்த எல்லைக்குள் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதும் தவறு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு சீராகப் பொருந்துவதற்குச் சுமை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க வேண்டும். அதனால் நான்குவழிச் சாலையைவிட, கியர் மாற்றிக்கொண்டே போகும் ஊர்ப்பக்கச் சாலை இந்தக் காலத்துக்கு ஏற்றது. மேல் கியரில் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் எஞ்சினைத் திணற விடுவதும் கெடுதல்தான். எஞ்சினுக்கு இதமாக ஓட்டுவதாக நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள்.

முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய கியர்களும் வளையங்களும் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் சேர்கின்றன. எஞ்சின் ஆயிலே கிளட்சையும் கியர்களையும் நனைக்கும் வகை இது என்பதால், வெட் கிளட்சுக்கான ஜாசோ எம்ஏ2 தரக் குறியீடு உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். கார் ஆயிலில் இருக்கும் உராய்வுக் குறைப்பான்கள் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும்.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவுகளில் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிரேக் பேடுகளும் டிஸ்க்கில் முழுமையாகப் படிந்திருக்காது. நடுத்தர அழுத்தத்தில் பலமுறை பிடித்துப் பழக்கிய பிறகே அவற்றின் முழுப் பிடிமானம் கிடைக்கும்.

இந்த 1000 கிலோமீட்டரில் நோட்டில் எழுத வேண்டியவை: எந்த ஆர்பிஎம்மில் கைப்பிடியில் அதிர்வு வருகிறது, ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓடுகிறது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது. பின்னால் எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குறிப்புகளே அடிப்படை.

3. வண்டியை உங்கள் உடம்புக்குப் பொருத்துதல்

காசு செலவில்லாத, ஆனால் அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான். வண்டியில் வழக்கமாக ஓட்டும் தோரணையில் உட்கார்ந்து, விரல்களை நீட்டி லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால், லீவர் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கீழே சாய்த்துச் சரிசெய்யுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஹேண்டில் பாரை உயர்த்தும் பாகம் தேடுகிற பலருக்கு இந்த ஒரு திருத்தத்திலேயே வலி போய்விடுகிறது.

பிரேக் லீவரில் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருந்தால், இரண்டு விரலின் முதல் கணு லீவரில் பதியும்படி வையுங்கள். கேபிள் கிளட்சாக இருந்தால் லீவர் நுனியில் கையேடு சொல்லும் தளர்வு இடைவெளி (ஃப்ரீ ப்ளே) இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக 10 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே ஓடித் தேயும். கியர் லீவரின் உயரத்தை உங்கள் ஷூவின் தடிமனுக்கு ஏற்ப மாற்றுங்கள். செருப்போடு அமைத்த உயரம் ரைடிங் பூட்ஸுக்குப் பொருந்தாது.

இந்த வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எந்த கேபிளும் இழுபடவில்லை, லீவர் டேங்கிலோ ஃபேரிங்கிலோ இடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.

4. செயின்: கழுவுதல், எண்ணெய், தளர்ச்சி

பராமரிப்பில் பாதி வேலை இதுதான்; தவறுகளில் பாதியும் இங்கேதான் நடக்கின்றன. 500 முதல் 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். மழையில் நனைந்தாலோ கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்வந்தாலோ கிலோமீட்டரைப் பார்க்காமல் அன்றே செய்யுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஒரே இரவில் இணைப்புத் தகடுகளில் செந்நிறம் படரும்.

இந்த வண்டிகளின் செயினில் ஒவ்வோர் இணைப்புக்குள்ளும் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் உண்டு. அந்த ரப்பர் கெட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி, மேலே எவ்வளவு எண்ணெய் போட்டாலும் செயின் உள்ளுக்குள் காய்ந்து தேயும். அதனால் பெட்ரோலால் கழுவக் கூடாது. கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ, மென்மையான நைலான் பிரஷோடு போதும்.

கழுவும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுழல, துணியைச் செயினில் பிடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். துணி ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்துக்குள் இழுபடும் வேகத்துக்கு விரலை விடுவிக்க நேரம் கிடைக்காது. இந்த ஒரு விதியில் எந்த விலக்கும் வேண்டாம்.

ஓட்டி முடித்து வந்ததும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் போடுவது நல்லது. கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உட்புறத்தில் ஸ்ப்ரே செய்யுங்கள். சுழற்சியின் விசை எண்ணெயை வெளிநோக்கித் தள்ளி வளையங்களுக்குக் கொண்டுசேர்க்கும். அரைமணி நேரமாவது ஊறவிட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். துடைக்காத எண்ணெய் மணலைப் பிடித்து அரம் போல் வேலை செய்யும். ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கை அட்டையால் மறையுங்கள். டயரின் ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் உடனே துடையுங்கள்.

இனி தளர்ச்சி. கீழ்ச்செயினின் நடுப்பகுதியில் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, செயினை விரலால் கீழே இழுத்தும் மேலே தள்ளியும் இரு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அளவிடுங்கள். பல வண்டிகளில் இது 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் அமையும். உங்கள் வண்டிக்கான எண், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சைடு ஸ்டாண்டில் அளக்க வேண்டுமா, பேடாக் ஸ்டாண்டில் அளக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் இரண்டிலும் எண் மாறும். சக்கரத்தைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் அளந்து, எங்கே செயின் அதிகமாக இறுகியிருக்கிறதோ அந்த இடத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி, வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வருவதாகச் சொல்லிக் கொண்டுவந்தார். செயினைத் தொட்டதும் வீணைக் கம்பி போல் விறைத்திருந்தது தெரிந்தது. “லூஸா இருந்துச்சுண்ணா, அதான் நல்லா டைட் வெச்சேன்” என்றார். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்கார்மின் அச்சு, பின் ஆக்ஸில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயினுக்கு மிக அதிக நீளம் தேவைப்படும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் அந்த நிலைக்குப் போகிறது. அப்போது கொடுக்கத் தளர்ச்சி இல்லாத செயின், கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டின் பேரிங்கை இழுத்து அடிக்கிறது. கொஞ்சம் தளர்ந்த செயினால் வரும் சேதத்தைவிட இது செலவு மிகுந்தது. அளவின் இரு எல்லைகளுக்கு நடுவே, சற்றுத் தளர்வான பக்கமாக வைப்பதே என் வழக்கம்.

திருத்தும் வரிசை இது. ஆக்ஸில் நட்டை முதலில் தளர்த்துங்கள். இரு பக்க அட்ஜஸ்டர் போல்ட்டுகளையும் கால் சுற்று கால் சுற்றாக, இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். ஸ்விங்கார்மின் இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். பிறகு சக்கரத்தை முன்நோக்கித் தள்ளிப் பிடித்தபடி ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கி, அட்ஜஸ்டரின் பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். அதோடு முடியவில்லை: ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது செயின் சற்று இறுகிவிடும் என்பதால், தளர்ச்சியை மறுபடி நான்கு இடங்களில் அளந்தாக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கடைசி அளவைத்தான்.

5. டயர் காற்று

வாரம் ஒருமுறை, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பெட்ரோல் பங்கை அடைவதற்குள் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் தேவைக்கும் குறைவான அழுத்தத்தில் நிற்கும். வீட்டில் ஒரு கால்பம்ப் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

6. பிரேக், கூலண்ட், கழுவுதல்

பிரேக் ஆயிலின் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். மட்டம் மெல்ல இறங்குவது பெரும்பாலும் பேடு தேய்வதால்தான். பேடின் தடிமனைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் நிரப்பினால், புதுப் பேடு போடும் நாளில் அது பொங்கி வழியும். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கி, மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக்குமிழி உண்டாகி லீவர் பஞ்சு போல் அமுங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ ஊற்றிவிடாதீர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஆயிலை மாற்றும்போது ஏபிஎஸ் மாட்யூலுக்குள் காற்று புகுந்தால் அதை வெளியேற்றச் சர்வீஸ் சென்டரின் கருவி தேவைப்படலாம். இந்த ஒரு வேலையை நான் வீட்டில் செய்வதில்லை.

கூலண்ட் மட்டத்தை எஞ்சின் குளிர்ந்த நிலையில், ரிசர்வ் டேங்கில் உள்ள கோடுகளை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் அழுத்தத்தோடு முகத்தில் பீச்சியடிக்கும். குறைந்தால் கையேடு சொல்லும் கலவையையே சேர்க்க வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, அடுத்த சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டைக் கூட்டும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால், அழுத்தத் தண்ணீரைச் செயின், சக்கர பேரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல், ரேடியேட்டர் தகடுகள் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அருகிலேயே நில்லுங்கள். அந்த அழுத்தம் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். ரேடியேட்டர் தகடுகளை மடக்கிக் காற்றுப் பாதையை அடைத்துவிடும். வீட்டில் ஒரு வாளி, ஷாம்பு, மென்துணி இருந்தால் முக்கால் மணி நேர வேலை. கழுவும்போது கையால் தடவிப் பார்த்தால் தளர்ந்த போல்ட்டும் விரிசலும் தானாகவே கண்ணில் படும்.

7. சஸ்பென்ஷன்: எடைக்கு ஏற்ப அமைத்தல்

இதற்கு முன் டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஃபோர்க்கின் குறைபாடு போலவே தோன்றி ஏமாற்றும். ஆர்ஆர் 310-க்கு 2021 முதல் தயாரிப்பாளரே வழங்கும் டைனமிக் கிட்டில் முன்னும் பின்னும் திருத்தக்கூடிய சஸ்பென்ஷன் உண்டு. பல வண்டிகளில் பின்புற ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, மட்டுமே திருத்தும்படி இருக்கும். எது இருந்தாலும் முதல் வேலை, நீங்கள் உட்காரும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது.

மூன்று பேர் வேண்டும்: ஓட்டுபவர், வண்டியைப் பிடிப்பவர், அளப்பவர். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் சீலிலிருந்து அடி வரை உள்ள நீளத்தைக் குறியுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து ஓட்டுபவர் ஏறி ஓட்டும் தோரணையில் உட்கார, அதே நீளத்தை மறுபடி அளவிடுங்கள். வித்தியாசம் சாலைப் பயன்பாட்டுக்கு 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. பின்புறம் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஃபேரிங்கில் ஒரு டேப் ஒட்டி, இதேபோல் அதுவரை இருமுறை அளந்தால், வித்தியாசம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வர வேண்டும். சீலின் உராய்வால் அளவு ஏமாற்றும் என்பதால், ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டும், ஒருமுறை தூக்கி மெல்ல விட்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள்.

ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைப்பது பரவலான பிழை. ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. வண்டி எந்த உயரத்தில் நின்று வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. எடை குறைந்தவர் ப்ரீலோடை முழுவதும் ஏற்றி வைத்தால், பள்ளத்தில் சக்கரம் கீழே நீளுவதற்கு இடமே இல்லாமல் தரையை விட்டு எழும்பும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் மேலே திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருத்தம். திருகை வலப்பக்கமாக மெதுவாக, தடை தட்டும் வரை எத்தனை கிளிக் போகிறது என்று எண்ணி, நோட்டில் எழுதி, அதே எண்ணுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதுதான் உங்கள் தொடக்க நிலை. கடைசியில் பலமாக இறுக்கினால் உள்ளிருக்கும் ஊசி வால்வின் இருக்கை கெடும். இனி வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி விடுங்கள்: மேலே வந்து ஒருமுறைக்கு மேல் ஆடினால் ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டுங்கள், மேலே வரவே தயங்கினால் இரண்டு கிளிக் குறையுங்கள். ஒரே நாளில் முன்னும் பின்னும் சேர்த்து மாற்றாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சாலையில், ஒரே வேகத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும்.

8. பாதுகாப்புப் பாகங்கள்

பராமரிப்பு கைக்கு வந்த பிறகே பாகம் வாங்கும் கட்டம். முதலில் ரேடியேட்டர் கார்டு, டேங்க் பேடு, பிறகு, வண்டி விழும்போது ஃபேரிங்கைக் காக்கும் ஃபிரேம் ஸ்லைடர். லாரிக்குப் பின்னால் பறக்கும் ஒரு ஜல்லிக்கல் ரேடியேட்டரைத் துளைத்தால் பயணமே நின்றுவிடும் என்பதால் கார்டுக்கு முதலிடம் கொடுத்தேன். கார்டின் வலை மிக நெருக்கமாக இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு ஃபேன் முன்பைவிட அடிக்கடி ஓடுகிறதா என்பதை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

ஸ்லைடர் பெரும்பாலும் எஞ்சினைச் சட்டத்தோடு (ஃபிரேமோடு) பிடித்திருக்கும் போல்ட்டின் இடத்தில்தான் ஏறும். இரு பக்க போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எஞ்சின் சற்று இறங்கி, துளைகள் நேர்படாமல் நின்றுவிடும். ஒரு பக்கத்தைக் கழற்றி, மாட்டி, அளவோடு இறுக்கிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். மிக நீளமாக வெளியே துருத்தும் மலிவான ஸ்லைடரைத் தவிர்த்துவிடுங்கள். விழும்போது அது நெம்புகோலாக மாறி எஞ்சின் பிடிமானத்தையே உடைக்கக்கூடும். அப்படி உடைந்தால், காப்பாற்றிய ஃபேரிங்கின் விலையைவிட அதிகம் செலவாகும்.

9. மின் இணைப்புகள்

கூடுதல் விளக்கோ மொபைல் சார்ஜரோ மாட்டும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் முனையில் வைத்த ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும்.

தலா 20 வாட் கொண்ட இரண்டு விளக்குகள் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால்தான் அந்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும். விளக்குக்கான மின்சாரம் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நேராகப் பேட்டரியிலிருந்து வரட்டும். சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒரு வயர் ரிலேவை இயக்கட்டும். வண்டியின் மூல வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது கடைகளில் வழக்கமாக இருந்தாலும், எஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி, முதல் மழையிலேயே ஈரம் உள்ளே போகும். அழுத்திப் பிடிக்கும் இணைப்பானும், சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் குழாயும் பயன்படுத்துங்கள். வயரை ஹேண்டில் திரும்பும் இடத்தில் தாராளமாக விட்டு, சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

10. சைலன்சர், நம்பர் பிளேட், பின் மட்கார்டு: சட்டம் நிற்கும் இடம்

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு இடம் தருகிறது. அளவை மீறிய சத்தத்துக்கும் புகைக்கும் 190-ஆவது பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தடையும் உண்டு.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், சாலை வண்டியில் சைலன்சரை மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டியின் சைலன்சர் அமைப்பில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் எரிபொருள் கணக்கோடு பின்னிப் பிணைந்தவை. அவற்றை நீக்கியதும் எஞ்சின் விளக்கு எரிவதும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குன்றுவதும் நான் நேரில் பார்த்தவை. ஒலி கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றுகிறது. அதே சாலையில் கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் என்னிடம் வந்து பழைய சைலன்சரையே மாட்டச் சொன்னார்கள். தெருவில் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் அந்தச் சத்தம் என்ன செய்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின் மட்கார்டை வெட்டி நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் செருகுவதும் அப்படியே. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் அதற்குரிய இடத்தில், தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறும் வண்டியில் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிய விபத்துகளைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தக் கார்டு அழகைக் கெடுக்கிறது என்று கழற்றுபவர்களிடம் நான் இதையே சொல்வேன்.

கண்ணாடி கழற்றுவது, விளக்குக்கு டேப் ஒட்டுவது, உயர்த்திய ஃபுட்ரெஸ்ட் போன்றவற்றுக்கு உரிய இடம் பந்தயத் தடம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிபாளையத்திலும் தடங்கள் உள்ளன. பயிற்சி நாள்களில் சொந்த வண்டியோடு போக வாய்ப்புக் கிடைக்கும்போது அங்கே செய்து பார்த்துவிட்டு, திரும்பும் முன் பழைய பாகங்களை மாட்டிக்கொண்டு வாருங்கள். அதற்காகவே கழற்றிய மூல பாகங்கள் எதையும் விற்காதீர்கள். சாலையில் வைத்துக்கொள்ளும் மாற்றம் எதுவானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படலாம்.

11. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும்

புதிதாக மாட்டிய பாகத்தின் போல்ட் ஒவ்வொன்றிலும், தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை, பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். போல்ட் சற்றுத் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும் என்பதால், ரெஞ்சை எடுக்காமலேயே தினமும் கண்ணால் பார்த்துவிடலாம்.

முதல் 50 கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். நீண்ட பயணத்தின் முந்தைய இரவில் எந்தப் புதுப் பாகத்தையும் மாட்டாதீர்கள். 50 கிலோமீட்டர் முடிந்ததும், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கிய உலோகம் வாஷருக்கு அடியில் படிந்து, முதலில் வைத்த இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும். கோடு உடைந்த போல்ட்டை அப்படியே மறுபடி இறுக்காமல், முழுவதும் கழற்றி, மரையைத் துடைத்து, கழற்றக்கூடிய நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு இட்டு மாட்டிவிட்டு, பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போடுங்கள்.